அன்னாசியில் இருந்த இருபத்திரண்டாம் இலக்கம்

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஓர் அழைப்பிதழ் வந்தது. கதவில் உள்ள கடிதத் துவாரத்துக்குள் அது நுழையவில்லை. தபால்காரர் மணி அடித்து, இரண்டு கைகளாலும் ஏந்தித் தந்துவிட்டுப் போனார். வெல்வெட் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னத் திரை. அதில் என் மனைவியின் தமையன் குகன் மச்சானின் இளைய மகள், பன்னிரண்டு வயது, ஒரு மயிலின் மேல் இருந்து கையசைக்கிறாள். மயில் கொம்பியூட்டரில் செய்தது. பின்னால் நாதஸ்வரம். மூன்று வாரத்தில் பூப்புனித நீராட்டு விழா. மண்டபம், வெம்பிளியில் எங்கள் வீட்டில் இருந்து கால் மணி நேரக் கார் ஓட்டம்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. நீங்கள் அங்கே நாலு சொந்தக்காரரோடு முடிக்கத் தொடங்கிவிட்ட காரியத்தை நாங்கள் இங்கே அறுநூறு பேரோடு செய்கிறோம். பிள்ளை பல்லக்கில் வரும், குதிரை வண்டியில் வரும், வசதி இருந்தால் ஹெலிகொப்டரில் வரும். கேட்டால், பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்போம். யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, சோறு நன்றாக இருக்கும்.

பெட்டியை மூடிய பிறகும் நாதஸ்வரம் நிற்கவில்லை. மனைவி வசந்தி அதைக் கொண்டுபோய்த் துவாய் வைக்கும் அலுமாரிக்குள் தள்ளினாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போன வருடம், இதே ஆவணி மாதம், இதே மச்சானின் மூத்த மகளின் விழாவில் நான் செய்த வேலை இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருந்தது.

2

என் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். கார் நிற்க வேண்டிய கராஜில் அவன் மொனார்க் வண்ணத்துப்பூச்சி வளர்க்கிறான். அவை புழுவாகி, கூடு கட்டி, பூச்சியாகி வெளியே வந்ததும், பின் இறகில் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கரை ஒட்டி விட்டுவிடுவான். அதில் ஓர் இலக்கம் இருக்கும். பூச்சி மெக்சிகோ வரை பறக்கும். வழியில் யாராவது கண்டால் அந்த இலக்கத்தை அறிவிப்பார்கள். என் மகள் ஆரணி பதினைந்து வயதில் ஒரு கோடை விடுமுறைக்கு அங்கே போய் நின்றாள். போகும்போது போனில் இருந்து கண்ணெடுக்காத பிள்ளை, திரும்பி வந்து விமான நிலையத்திலேயே என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எங்கள் தோட்டத்தில் என்ன களைகள் நிற்கின்றன என்பது.

மொனார்க் லண்டனுக்கு வருவதில்லை. அவள் தேடிப் பிடித்தது பெயின்டட் லேடி என்ற இனம். ஆபிரிக்கப் பக்கம் இருந்து பாலைவனமும் கடலும் கடந்து வந்து முட்டையிடும். கோடை முடியும்போது அதன் பிள்ளைகள் தெற்கே திரும்பிவிடும். அவற்றுக்கு இலக்கமிட்டு விடுகிற ஒரு சிறு தொண்டர் குழுவை இணையத்தில் கண்டுபிடித்துச் சேர்ந்தாள். இந்தப் பூச்சியின் இறகு சிறியது, ஆகவே ஸ்டிக்கர் இல்லை. நுனி மெல்லிய பேனாவால் எழுத வேண்டும். புழுக்களின் சாப்பாட்டுக்காக என் வெந்தயக்கீரைப் பாத்தி பிடுங்கப்பட்டது. அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு முட்செடி வளர்ந்தது. பக்கத்து வீட்டு குஜராத்திக்காரர், நாங்கள் வீட்டை விற்கப்போகிறோமா என்று விசாரித்தார்.

இலக்கம் எழுதுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இறகுகளைச் சேர்த்து இரண்டு விரலால் பிடிக்க வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். நான் பிடிப்பேன், அவள் எழுதுவாள். எங்கள் இருவருக்கும் இடையில் அந்தக் காலத்தில் மிச்சமிருந்த பேச்சு முழுவதையும் சொல்கிறேன்: ‘சாப்பிட்டியா?’ ‘யா.’ ‘லைற்றை நிப்பாட்டு.’ ‘ஓகே அப்பா.’ அவ்வளவுதான். ஆனால் பூச்சி கையில் இருக்கும்போது அவள் பேசினாள். பாதி இங்கிலிஷ், பாதி தமிழ். பள்ளிக்கூடம், சிநேகிதிகள், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம், எல்லாம். உண்மையைச் சொன்னால், நான் அந்தப் பூச்சிகளை விரும்பியது பூச்சிகளுக்காக அல்ல.

ஒருநாள் நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, ஊரில் நாங்கள் தும்பி பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட கதையைச் சொன்னேன். அவள் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். ஜெர்மனியில் என் அகதி வழக்கை விசாரித்த அதிகாரி கூட அப்படிப் பார்த்ததில்லை.

இலக்கங்கள் எனக்குப் புதிதில்லை. நான் வேலை செய்வது பொதி பிரிக்கும் கிடங்கில். ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கான இலக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். எனக்கே ஊரை விட்டு வெளிக்கிட ஒரு பாஸ் இலக்கம் இருந்தது, ஜெர்மனியில் ஒரு கோப்பு இலக்கம், இங்கே வேலைக்கு ஒன்று, வைத்தியருக்கு ஒன்று. ஆனால் எனக்கு இலக்கம் எழுதிய ஒருவரும், நான் எங்கே போய்ச் சேர்ந்தேன் என்று அறிய ஆசைப்பட்டு எழுதவில்லை.

3

போன வருட விழாவுக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை, ஆரணி ஸ்கொட்லாந்தில் தனக்கு இடம் கிடைத்த பல்கலைக்கழகத்தைப் பார்க்கச் சிநேகிதியோடு போவதாக இருந்தது. புறப்படுவதற்கு முன் இருவரும் இருந்து நாற்பது பூச்சிகளுக்கும் இலக்கம் எழுதி வலைக்கூட்டுக்குள் விட்டோம். ஒன்று முதல் நாற்பது வரை. அவள் வளர்த்ததிலேயே பெரிய கூட்டம். பயணப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டளை தந்தாள்.

“சனிக்கிழமை பத்து மணி, அப்பா. வெயில் வருமாம். நெற்றைத் திறந்தால் சரி. ஐ ட்ரஸ்ட் யூ, ஓகே?”

“ஓம், ஓம். நீ போட்டு வா” என்றேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, வலைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வசந்தி பின்னால் ஓடி வந்தாள்.

“இஞ்சருங்கோ, இப்ப விடாதேங்கோ! ராகு காலம். பத்தரை மட்டும் நில்லுங்கோ.”

எங்கள் குசினியில் ஊர்க் கலண்டர் ஒன்று தொங்குகிறது. அதில் அச்சிட்ட ராகு காலம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு உரியது. லண்டன் சூரியன் அந்தக் கலண்டரைப் பார்த்ததே இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். கார் வாங்கியதும், வீட்டுக்குக் கையெழுத்து வைத்ததும், ஆரணியை முதல் நாள் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதும் இதே கலண்டரைப் பார்த்துத்தான். வலைக்கூட்டைத் திரும்பத் தூக்கிவந்து மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தேன். பூச்சிகளுக்குக் கெட்ட நேரம் வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான்.

பத்தேகாலுக்குக் குகன் மச்சான் போன் எடுத்தார்.

“மச்சான், புறாக்காரன் ஏமாத்திப் போட்டான். வரேலாதாம். பிள்ளை மேடைக்கு வரேக்க வெண்புறா விடுறது எண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு. உம்மட்ட அந்தப் பூச்சியள் எத்தினை நிக்குது?”

“நாப்பது. ஆனா மச்சான், அது ஆரணியின்ர...”

“நாப்பதும் காணும். பன்ரண்டு மணிக்கு முந்திக் கொண்டாரும்.”

ஜெர்மனியில் இருந்து நான் இங்கே வந்து இறங்கிய காலத்தில், குகன் மச்சானின் இருப்பறையில் இரண்டு வருடம் படுத்தவன். என் முதல் வேலையை எடுத்துத் தந்தவர் அவர். அவரிடம் ‘இல்லை’ என்ற சொல்லை நான் பயன்படுத்தியதே இல்லை. அது மட்டும் காரணம் என்றால் நான் பாவப்பட்டவன் என்று நீங்கள் எழுந்து கைதட்டலாம். ஆனால் இன்னொன்றும் உண்டு. முந்திய மாதம் ஒரு கலியாண வீட்டில், எங்கள் வீட்டில் வண்ணத்துப்பூச்சிக் கூட்டமே வளர்கிறது என்று மச்சானிடம் பெருமையடித்தது நான்தான்.

மண்டபமும் லண்டனில்தானே இருக்கிறது, கதவைத் திறந்தால் பறந்து போய்விடும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் இருக்கிறது. குளிர்ந்தால் பூச்சிகள் அடங்கி இருக்கும் என்று ஆரணி முன்பு சொல்லித் தந்திருந்தாள். அந்த அறிவைப் பயன்படுத்தி, மீன் வாங்கப் போகும் கூல் பொக்ஸில் அவற்றை அடுக்கினேன்.

4

மண்டபத்தில் என்னை விட முக்கியமான ஆள் அன்று இல்லை. இதய வடிவப் பெட்டி ஒன்றைத் தந்தார்கள். பூச்சிகளை அதற்குள் மாற்றினேன். தூக்கத்தில் இருந்த நாற்பதும் மடித்த கடதாசித் துண்டுகள் போல ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. புகை மெஷின் புகை விட்டது. பல்லக்கு வந்தது. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, “எங்கள் புலம்பெயர் வாழ்வைப் போலவே, கடல்கள் தாண்டி வந்த இந்த வண்ணத்துப்பூச்சிகள்...” என்று தொடங்கினார். இந்த ஒப்பீட்டை யாராவது சொல்லத்தான் போகிறார்கள் என்று ஆரணி முதல் புழு வாங்கிய நாளில் இருந்தே பயந்துகொண்டிருந்தேன். சொல்லியே விட்டார். அறுநூறு பேரும் கைதட்டினார்கள். வண்ணத்துப்பூச்சிக்கு யாரும் அகதி விசாரணை வைப்பதில்லை, அது வந்து இறங்கி இருபது வருடமாகச் சங்கத் தேர்தலில் சண்டை பிடிப்பதும் இல்லை.

பிள்ளை பெட்டியைத் திறந்தாள். ஒன்றும் பறக்கவில்லை.

அவள் பெட்டியை உலுக்கினாள். ஐந்தாறு எழும்பி, நேரே மேலே போய் மேடை விளக்குகளில் முட்டின. அதே நேரத்தில், ஏற்கெனவே ஒழுங்கு செய்திருந்தபடி, இரண்டு பக்கமும் இருந்து ஜிகினாத் துண்டுகள் வெடித்துப் பறந்தன. அதன் பிறகு எது ஜிகினா எது பூச்சி என்று எனக்கே தெரியவில்லை. சில, கேக்கில் இறங்கின. சில, பழங்களால் மயில் செய்து வைத்திருந்த மேசைக்குப் போய் அன்னாசித் துண்டுகளில் இருந்து சாறு குடித்தன. பெண்கள் சேலையை உதறிக்கொண்டு கத்தினார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “என்ன அண்ணை நம்பர் அடிச்சிருக்கு, லொத்தரோ?” என்றார்.

வீடியோக்காரர் வியர்த்துப்போய் என்னிடம் வந்தார்.

“அண்ணை, புகையில ஒண்டும் விழேல்லை. திருப்பி ஒருக்கா விடேலுமோ?”

நான் பக்கக் கதவைத் திறந்துவைக்கப் போனேன். ஏசி வெளியே போகிறது என்று மண்டப முகாமையாளர் அதை மூடச் சொன்னார்.

5

பின்னேரம் மூன்று மணிக்கு என் போன் அடித்தது. குடும்ப வட்ஸ்அப்பில் யாரோ படங்கள் போட்டிருந்தார்கள். ஆரணி ஸ்கொட்லாந்தில் இருந்து அதைப் பெருப்பித்துப் பார்த்திருக்கிறாள். வணக்கம் சொல்லவில்லை, கத்தவும் இல்லை. இங்கிலிஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்பா, வை இஸ் ட்வென்டி டூ ஒன் எ பைனாப்பிள்?”

இருபத்திரண்டாம் இலக்கம் ஏன் அன்னாசியில் இருக்கிறது? “பிள்ளை, மாமா கேட்டவர்...” என்று தொடங்கினேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஓர் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். கூட்டித் துடைக்கும் பெண் ருமேனியாக்காரி. நான் சொன்னதில் அவளுக்கு என்ன விளங்கியதோ, விளக்குமாற்றை வைத்துவிட்டு என்னோடு சேர்ந்து கதிரைகளுக்குக் கீழே தவழ்ந்தாள். ஜிகினாவுக்குள் இருந்து இருபத்தியாறு கிடைத்தன. ஒன்றை எடுத்துத் தரும்போது, “உன்னுடையதா?” என்று கேட்டாள். “மகளுடையது” என்றேன். எழுபத்தைந்து கிலோ ஆள், மண்டபத் தரையில் முழங்காலில்.

பின்னேரம் ஆரணி வந்தாள். டப்பாவைத் திறந்து பார்த்தாள், மூடினாள். பிறகு மடிக்கணினியை என் முன்னால் வைத்து, தொண்டர் குழுவின் படிவத்தைத் திறந்தாள்.

“நீங்கதான் விட்டது. நீங்களே நிரப்புங்கோ.”

படிவம் நிரப்புவதில் என்னை வெல்ல ஆள் இல்லை. நான் என் பிறந்த திகதியையே ஒரு படிவத்தில் மாற்றியவன். ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்த கதையை ஜெர்மனியில் இரண்டு முறை, கமா பிசகாமல் சொன்னவன். பெயர், திகதி, நேரம் எழுதினேன். ‘விடுவித்த வாழிடம்’ என்று ஒரு கேள்வி. புல்வெளி, காடு, தோட்டம், வேறு. பழக்க தோஷத்தில் என் விரல் ‘தோட்டம்’ என்பதில் அழுத்திவிட்டது.

“அப்பா” என்றாள்.

அழித்துவிட்டு ‘வேறு’ என்பதை அழுத்தினேன். விபரம் கேட்டது. விருந்து மண்டபம், கம்பளத் தரை என்று எழுதினேன். காரணம் கேட்டது. எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் ‘மனைவியின் சகோதரனுக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை’ என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் எழுதினேன். இலக்கம் இலக்கமாக இருபத்தியாறுக்கும் ‘இறந்தது’ என்று போட்டேன். மிச்சம் பதினாலுக்கு என்ன போடுவது என்று கேட்டேன்.

“தெரியாது எண்டு போடுங்கோ. அதுவும் டேட்டாதான்.”

இரண்டு நாட்டு அதிகாரிகள் என்னிடமிருந்து ஏற்காத பதிலை அந்தப் படிவம் ஏற்றுக்கொண்டது. இரண்டு நாள் கழித்துக் குழுவை நடத்தும் அம்மையாரிடம் இருந்து பதில் வந்தது. மிகவும் சுவாரஸ்யமான பதிவு, நன்றி என்று எழுதியிருந்தார். வெள்ளைக்காரர் சுவாரஸ்யம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று இங்கே கொஞ்சக் காலம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

6

ஆரணி கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் மரியாதையாகிவிட்டாள். ‘தாங்க்ஸ் அப்பா.’ ‘நோ, ஐ ஆம் ஃபைன் அப்பா.’ இந்த நாட்டில் ஒருவரை வீட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டுமென்றால் கதவை அடிக்கத் தேவையில்லை, இப்படிப் பேசினால் போதும். அதற்குப் பிறகு அவள் என் கையில் ஒரு பூச்சியையும் தரவில்லை. புரட்டாதியில் ஸ்கொட்லாந்துக்குப் படிக்கப் போய்விட்டாள். இந்தக் கோடைக்கு அங்கேயே ஒரு வேலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரவில்லை. வலைக்கூடு அவள் அறையில் மடித்தபடி கிடந்தது.

இந்த ஆடியில் அந்த முட்செடி தானாகவே திரும்ப முளைத்தது. நான் பிடுங்கவில்லை. புழுக்கள் வாங்கினேன். யாருக்கும் சொல்லவில்லை. பதினைந்து புழுவில் பன்னிரண்டு தப்பின. அழைப்பிதழ் வந்த செவ்வாய்க்கிழமை, அவை ஆரணியின் அறையில் கூட்டுக்குள் இருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. ரகசியம் என்று நான் நினைத்தேன். வசந்தி தன் தமையன் பெண்சாதிக்குப் போனில் சொல்லியிருந்தாள்.

அன்று மாலையே மச்சான் போன் எடுத்தார்.

“மச்சான், பெட்டி கிடைச்சதோ? திரும்பப் பூச்சி வளக்கிறீராம். அப்பிடியே வைச்சிரும். ஆனா இந்த முறை நம்பர் ஒண்டும் எழுதாதையும், படத்தில வடிவில்லை.”

வசந்தி எதிரே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. என் நாக்கு ‘ஓம்’ சொல்லத் தயாராக இருந்தது, அதற்கு வேறு வேலை தெரியாது.

“ஏலாது மச்சான்” என்றேன்.

“என்ன ஏலாது?”

“பூச்சி தரேலாது. அது பிள்ளையின்ர.”

“உமக்கு இருக்க இடம் தந்தவன் நான்” என்றார். “ஓம் மச்சான். அதை நான் மறக்கேல்லை. விழாவுக்குக் கட்டாயம் வருவன். கதிரை அடுக்கிறதெண்டாலும் அடுக்கிறன். பூச்சி மட்டும் ஏலாது.” அவர் வைத்துவிட்டார். திரும்ப எடுப்பாரோ என்று போனைத் துவாய் அலுமாரிக்குள் ஒளித்தேன். ஐம்பத்தினாலு வயதில் ஒரு மனிதன் மைத்துனனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை ஒளிப்பதைப் பார்க்க உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரியுங்கள்.

வசந்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்தது.

7

வெள்ளிக்கிழமை பின்னேரம் பன்னிரண்டு பூச்சிகளும் பேனாவும் நானும் ஆரணியின் அறையில் இருந்தோம். பிடிப்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பிடித்த கையால் எழுத முடியாது. முதல் பூச்சி இரண்டு தரம் நழுவிப்போய் யன்னல் சீலையில் இருந்தது. கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வசந்தி, பல்லியைக் கண்டால் கதிரையில் ஏறுகிறவள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்து கையை நீட்டினாள்.

“தாங்கோ. கெதியா எழுதுங்கோ. கூசுது.”

அவள் பிடித்தாள், நான் எழுதினேன். நாற்பதோடு நின்ற கணக்கை நாற்பத்தொன்றில் இருந்து தொடங்கினேன். என் கையெழுத்து மோசம். நாற்பத்தேழு, நாற்பத்தொன்று போலவே தெரிகிறது.

நேற்றுச் சனிக்கிழமை. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க வலைக்கூட்டோடு தோட்டத்தில் நின்றேன். வசந்தி போனோடு வந்தாள். லண்டனுக்குரிய ராகு காலத்தை இணையத்தில் தேடிப் பார்த்தாளாம். இங்கே அது இன்னும் நீளம், பதினொன்றேகால் வரை இருக்கிறதாம்.

“அப்ப நிப்பாட்டட்டோ?” என்று கேட்டேன்.

அவள் வானத்தைப் பார்த்தாள். வெயில் இருந்தது. “பிள்ளை பத்து எண்டு சொன்னவள். விடுங்கோ” என்றாள்.

விட்டேன். வசந்தி போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். பன்னிரண்டில் பதினொன்று உடனே போய்விட்டன. ஒன்று மட்டும் என் சேர்ட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, குஜராத்திக்காரரின் கூரைக்கு மேலால் தெற்குப் பக்கம் போனது. அது ஆபிரிக்கா போகுமோ, அடுத்த தெருவில் நிற்குமோ எனக்குத் தெரியாது. ஆரணிக்கு எழுதினேன்: ‘41 முதல் 52 வரை. பத்து மணி. வெயில்.’ வாசித்துவிட்டாள் என்று வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை.

பின்னேரம் போன் அடித்தது. ஆரணி. அவளாகப் போன் எடுத்துப் பேசுவதே இல்லை, எழுதுவது மட்டும்தான்.

“அப்பா, ஆர் பிடிச்சது?”

“அம்மா.”

அவள் சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். அது முடியும்வரை போனைக் காதோடு அழுத்தி வைத்திருந்தேன். பிறகு, படிவம் நிரப்பியாயிற்றா என்று கேட்டாள். இல்லை என்றேன். “இப்ப நிரப்புங்கோ. நான் லைன்ல நிக்கிறன்” என்றாள். மடிக்கணினியைத் திறந்து பெயர் எழுதினேன், திகதி, நேரம் எழுதினேன். அந்தக் கேள்வி வந்தது.

“வாழிடம், தோட்டம்” என்று வாய்விட்டுச் சொல்லி அழுத்தினேன்.

“அப்பா?”

“உண்மையாத்தான் பிள்ளை. தோட்டம்தான். வேணுமெண்டா அம்மாவைக் கேள்.”

“தெரியும்” என்றாள் ஆரணி. “நீங்க விடப்போறதை அம்மா முந்தியே சொன்னவ. காலமையே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்திட்டன்.”